நாற்பத்தொரு மறுப்புகள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம்பிடிக்கிறது. உன் வீட்டுக்காரிக்குச் சளி விட்டதா? வெந்நீரைக் குடிக்கச் சொல், உன் ஆலோசனையைக் கேட்கச் சொல்லாதே.

போனில் பேசலாமே என்று கேட்பாய். நான் டியூட்டி முடித்து வரும்போது நீ மீட்டிங்கில் இருப்பாய். அப்படியே எடுத்தாலும், "அப்புறம் கூப்பிடறேன்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது பார்.

விஷயம் இதுதான். எங்கள் குழந்தைகள் வார்டுக்கு ஏப்ரல் முதல் தேதி பன்னிரண்டு பம்ப் வருகிறது. நரம்பு வழியாக மருந்து ஏற்றுகிற பம்ப். குழந்தையின் எடையையும் மருந்தின் அளவையும் தட்டினால் அதுவே சொட்டுக் கணக்கில் ஏற்றுமாம். அளவு தப்பாகப் போட்டால் மறுத்துவிடுமாம். ஆர்டர் காகிதத்தில் உங்கள் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதில் உள்ளே ஓடுகிற சாஃப்ட்வேரைச் சோதிப்பவன் என் தம்பிதான் என்று வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

ஆனால் வார்டுப் பொறுப்பு நர்ஸ் என்ற முறையில், "பாதுகாப்பானது, ஏற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். அதனால் கேட்கிறேன். நான் தப்பாக அளவு போட்டால் அது நிஜமாகவே நிற்குமா? உனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அன்புடன்
அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சளி இவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மாவின் முழங்காலை நானே அதட்டியதாகச் சொல்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எங்களிடம் இரண்டு வகை டெஸ்ட் உண்டு. ஒன்று, சரியான அளவைக் கொடுத்தால் பம்ப் ஏற்க வேண்டும். இன்னொன்று, வேண்டுமென்றே தப்பான அளவைக் கொடுத்தால் மறுக்க வேண்டும். இரண்டாவது வகையில் பம்ப் மறுத்தால்தான் எங்களுக்கு வெற்றி. மறுக்கத்தான் வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவைத்திருப்போம். மறுத்தால் பச்சை விளக்கு, விழுங்கிவிட்டால் சிவப்பு.

அப்படி நாற்பத்தொரு டெஸ்ட் நானே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். பத்து மடங்கு அளவு, நூறு மடங்கு, மைனஸ் அளவு, எடையே இல்லாத குழந்தை, யானைக்குட்டி எடையுள்ள குழந்தை. தினமும் காலையில் கம்ப்யூட்டர் அத்தனையையும் ஓட்டும். நாற்பத்தொன்றும் மறுக்கும். வரிசையாகப் பச்சை. எங்கள் மேனேஜருக்கு அதைப் பார்க்காமல் காப்பி இறங்காது. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பச்சைக்கொடியார்.

நீ கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு. தம்பி இருக்கப் பயமேன்?

அன்புடன்
தம்பி


ஜனவரி 31

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நீ அதட்டியதைக் கேட்டுச் சிரித்தாள். "அவன் சின்ன வயசுல இருந்தே வாய்தான்" என்றாள். முழங்கால் இறங்கி வரவில்லை. உன் சளி எப்படி இருக்கிறது?

யானைக்குட்டி வரைக்கும் யோசித்திருக்கிறாய், சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி. பம்ப் மறுத்தது சரி. எதற்காக மறுத்தது?

சிரிக்காதே. என் வார்டில் நோட்டில் எழுதுவார்கள், "நான்காம் படுக்கைக் குழந்தை சாப்பிட மறுத்தது" என்று. நான் விடமாட்டேன். தொண்டை வலியா, வயிறு உப்பலா, அம்மா கண்ணில் படவில்லையா, இல்லை கொடுத்த கரண்டி வாய்க்குப் பெரிதா? போன வாரம் ஒரு பெண் குழந்தை இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை. எல்லோரும் காய்ச்சல் என்றார்கள். பார்த்தால் ஆடுகிற பல் ஒன்று. நானே விரலால் எடுத்துப் போட்டேன், அடுத்த வேளையே தட்டு காலி.

உன் பம்ப்பும் அளவு அதிகம் என்பதற்காகத்தான் மறுத்ததா? வேறு ஏதாவது கோபத்தில் மறுத்திருந்தால்?

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. உன் கடிதம் பார்த்ததும் தலைவலி வந்துவிட்டது.

அக்கா, மறுத்தால் மறுத்ததுதான். மெஷினுக்கு ஆடுகிற பல் கிடையாது. நாற்பத்தொரு தடவை தப்பு அளவு கொடுத்தேன், நாற்பத்தொரு தடவையும் மாட்டேன் என்றது. இதற்கு மேல் அதன் மனசுக்குள் போய்ப் பார்க்க வேண்டுமா? இதைப் போய்ப் பச்சைக்கொடியாரிடம் சொன்னால், "மறுக்க வேண்டியது மறுத்திருக்கு, அதையும் ஏன்யா நோண்டுற?" என்பார். ஏற்கெனவே ஏப்ரல் தேதி அவர் கழுத்தில் கத்தி மாதிரி தொங்குகிறது.

எனக்கு ஒன்று புரியவில்லை. நீ எதற்கும் பயப்படாதவள். பாம்பு வந்த வீட்டில் துடைப்பத்தோடு முதலில் போனவள். இந்த ஒரு பம்ப்புக்கு ஏன் இப்படிக் குடைகிறாய்? ஏதாவது நடந்ததா?

சரி, சரி. உன் வாயை அடைக்கவாவது நாளைக்கு ஒரு தடவை பார்க்கிறேன்.

அன்புடன்
தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரமாகிவிட்டது. "நாளைக்கு" என்றாய். உங்கள் ஊரில் இன்னும் பொழுது விடியவில்லை போல.

அம்மா சுகம். அத்தானுக்குக் கண்ணாடி மாற்றினோம். இப்போது என் முகத்தைப் பார்த்து, "உனக்கு இவ்ளோ நரை இருக்கா?" என்கிறார். பழைய கண்ணாடியே தேவலை.

வார்டில் பம்ப் நிறுத்தக் கம்பி எல்லாம் அடித்துவிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன்.

பதில் போடு.

அன்புடன்
அக்கா


மார்ச் 17

தம்பி,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். "நல்லாத்தான் இருக்கார் அண்ணி, ஆபீஸ்ல ஏதோ வேலையாம்" என்றாள். அவள் குரலே சரியில்லை.

இன்று ஆஸ்பத்திரியின் மெஷின் டெக்னீஷியன் வந்து, பம்ப் ஏப்ரலில் வராது, ஜூனாகும் என்றார். "ஏன்?" என்றேன். "தெரியல சிஸ்டர், கம்பெனியிலேருந்து போன மாசமே ஒரு வரி மெயில் வந்திருக்கு, இப்பதான் பாத்தேன்" என்றார்.

என்னடா ஆச்சு? என்னிடம் சொல்லக் கூடாத விஷயமா? வேலைக்கு ஏதாவது வந்துவிட்டதா? நான் கேட்ட கேள்வியால்தான் என்றால் அதையும் சொல். திட்டுவதாக இருந்தாலும் எழுதித் திட்டு.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு என்று எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சொன்னபடி மறுநாளே பார்த்தேன். பம்ப் ஒவ்வொரு தடவை மறுக்கும்போதும் காரணத்தையும் ஒரு மூலையில் எழுதிவைக்கிறது. நாங்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. மறுத்ததா, இல்லையா என்பதோடு சரி. முதல் டெஸ்ட்டைத் திறந்தேன். பத்து மடங்கு அளவு. மறுப்பு. காரணம்: "இந்த நர்ஸின் அனுமதி காலாவதியாகிவிட்டது."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இரண்டாவதைத் திறந்தேன். அதே வரி. மூன்றாவது, பத்தாவது, நாற்பத்தொன்றாவது. யானைக்குட்டிக்கும் அதே வரி.

என்ன நடந்தது தெரியுமா? இந்தத் தப்பு அளவுகள் மற்ற கணக்கோடு கலந்துவிடக் கூடாது என்று நான்தான் இவற்றுக்கென்று ஒரு பொய் நர்ஸை உருவாக்கி, அவள் பெயரில் பம்ப்பைத் திறந்தேன். அந்த நர்ஸுக்கு ஒரு வருஷம்தான் அனுமதி. எட்டு மாதத்துக்கு முன்பு அது முடிந்துவிட்டது. அதிலிருந்து பம்ப் அவளை வாசலிலேயே நிறுத்தி, "நீ யாரம்மா?" என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. அளவைப் பார்க்கவே இல்லை. சரியான அளவைக் கொடுத்திருந்தாலும் மறுத்திருக்கும். நாங்கள் எட்டு மாதமாக அந்தப் பச்சையைப் பார்த்துக் காப்பி குடித்திருக்கிறோம்.

அனுமதியைப் புதுப்பித்து மறுபடி ஓட்டினேன். முப்பத்தெட்டு மறுத்தன, இந்தத் தடவை அளவோ எடையோ தப்பு என்ற காரணத்துக்காக. மூன்று மறுக்கவில்லை, அக்கா. பத்து மடங்கு அளவை வாங்கி, "சரி" என்று சொல்லி ஏற்றத் தொடங்கியது. மூன்றும் பத்துக் கிலோவுக்குக் குறைவான குழந்தைகள்.

ஐந்து மாதத்துக்கு முன்பு எடைவாரியான வரம்புப் பட்டியலை மாற்றி எழுதியிருக்கிறார்கள். அப்போது கடைசி வரி விட்டுப்போயிருக்கிறது. பத்துக் கிலோவுக்குக் கீழே வரம்பே இல்லை. என் டெஸ்ட் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கே சிவப்பு எரிந்திருக்கும்.

இந்தச் சாஃப்ட்வேர் பதிப்பு இன்னும் எந்த வார்டுக்கும் போகவில்லை. முதலில் போக இருந்தது உன் வார்டுக்கு.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை நான். யாருக்கும் தெரியாமல் திருத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். பிறகு பச்சைக்கொடியார் அறைக்குப் போய் எல்லாவற்றையும் காட்டினேன். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் போனேன். அவர் நாற்பத்தொரு காரணத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, "என் பையன் ஒன்பது கிலோய்யா" என்றார். அந்த இடத்திலேயே போனை எடுத்து ஏப்ரல் தேதியை ரத்து செய்தார்.

வேலை இருக்கிறது. தூக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. என்னைத் திட்டி எழுது.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை டியூட்டி அறையில் நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். வயிற்றில் பால் வார்த்தாய்டா. திட்டச் சொல்கிறாய், எனக்கு உன்னைப் பக்கத்தில் இழுத்துவைத்துத் தலையைத் தடவ வேண்டும் போலிருக்கிறது. அம்மாவிடம் விவரம் சொல்லவில்லை. "தம்பி ஒரு நல்ல காரியம் பண்ணிருக்கான்மா" என்றேன். "அப்படியா, எப்பலேருந்து?" என்றாள்.

நீ பிப்ரவரியில் கேட்டாய், ஏதாவது நடந்ததா என்று. நான் பதில் எழுதவில்லை. நீயே இவ்வளவு உடைத்துச் சொன்ன பிறகு நான் மட்டும் மூடிவைத்திருப்பது நியாயமில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்பு, ஆறு கிலோ எடையுள்ள ஒரு குழந்தை. அப்போது பம்ப் ஏது, பாட்டிலில் மருந்தைக் கலந்து சொட்டு எண்ணி விடுவோம். கால் மில்லி எடுக்க வேண்டிய மருந்தை நான் இரண்டரை மில்லி எடுத்துக் கலந்துவிட்டேன். புள்ளி இடம் மாறிவிட்டது. பகல் வேளைதான். களைப்பு என்றும் சொல்ல முடியாது. நன்றாகத்தான் இருந்தேன், ஆனாலும் செய்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அந்தக் குழந்தையின் அம்மா கூப்பிட்டாள். "சிஸ்டர், சொட்டே விழல" என்றாள். போய்ப் பார்த்தேன். கட்டில் கம்பிக்கு அடியில் குழாய் மடங்கி நசுங்கியிருந்தது. அதை எடுத்துவிடக் குழாயில் கை வைத்தேன். அப்போதுதான் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் என் கையெழுத்து கண்ணில் பட்டது. 2.5.

குழாயை நேராக்கவில்லை. கழற்றி எடுத்துவிட்டேன். உள்ளே போனது ஏழெட்டுச் சொட்டுதான். குழந்தை மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனது.

மறைக்கவில்லை, எழுதிக் கொடுத்தேன். "அளவில் தவறு. உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பாதிப்பு இல்லை." பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும், "தப்பு யாருக்கும் வரும், ஆனா கவனமா இருந்ததால காப்பாத்திட்டாங்க" என்றார். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் கவனம் காப்பாற்றவில்லை, தம்பி. ஒரு கட்டில் கம்பி காப்பாற்றியது. அதை நான் எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. அத்தானுக்குக்கூடத் தெரியாது. நீதான் முதல் ஆள்.

அதனால்தான் கேட்டேன், எதற்காக மறுத்தது என்று. முடிவு நன்றாக இருந்துவிட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

எழுதி முடித்துவிட்டேன். மூச்சு லேசாக வருகிறது.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இவளிடம்கூடக் காட்டவில்லை. அது உன்னுடையது.

பதினொரு வருஷமாக இதைத் தூக்கிக்கொண்டு நீ என் கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை செய்தாயா? எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். எங்கள் ஆபீஸில் இருபது பேர் எட்டு மாதம் கேட்காத கேள்வியை நீ ஒரு கடிதத்தில் கேட்டாய். அது கட்டில் கம்பி கேட்டதல்ல, நீ கேட்டது.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கொஞ்சம் சிரி. மறுக்க வேண்டிய டெஸ்ட் ஒவ்வொன்றிலும் எந்தக் காரணத்துக்காக மறுக்க வேண்டும் என்றும் இப்போது எழுதுகிறேன். வேறு காரணத்துக்காக மறுத்தால் சிவப்பு. முதலில் பம்ப் காட்டுகிற வாசகத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். ஒரு மகானுபாவர், "படிக்க இன்னும் மரியாதையா இருக்கட்டும்" என்று எல்லா வாசகத்திலும் "தயவுசெய்து" சேர்த்தார். மறுநாள் காலையில் நாற்பத்தொன்றும் சிவப்பு. பச்சைக்கொடியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு எண் வைத்துவிட்டோம். வாசகம் எப்படிக் கெஞ்சினாலும் எண் மாறாது.

இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு இரட்டைப் பிள்ளை. அதே நர்ஸ், அதே குழந்தை, அதே மருந்து, தப்பாக இருந்தது மட்டும் சரி. தப்பை மறுக்க வேண்டும், அதன் இரட்டையை ஏற்க வேண்டும். இரண்டையும் மறுத்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். மொத்தம் எண்பத்திரண்டு. பச்சைக்கொடியாரே உட்கார்ந்து ஒன்பது கிலோ டெஸ்ட்டை எழுதினார். தப்பாகத்தான் எழுதினார், நான் திருத்தினேன்.

அம்மாவிடம் சொல், எனக்கு நல்ல காரியம் எப்போதாவது வரும் என்று.

அன்புடன்
தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா இரண்டு நாளாக மாடி ஏறுகிறாள். பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், ஆனால் ஏறுகிறாள்.

பம்ப் வந்துவிட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், குழந்தைக்குப் பதில் ஒரு வாளியை வைத்து, வெறும் உப்புநீர் பாட்டிலை மாட்டினேன். ஆறு கிலோ என்று தட்டி, பத்து மடங்கு அளவு போட்டேன். கூடவே நின்ற டெக்னீஷியன், "சிஸ்டர், அளவு தப்பு" என்று பதறினார். "கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். பம்ப் கத்தியது. திரையில் வந்தது: "இந்த எடைக்கு அளவு அதிகம்." தயவுசெய்து இல்லை. பிறகு அளவை மட்டும் சரியாக மாற்றினேன். அமைதியாக ஏற்றத் தொடங்கியது. பன்னிரண்டு பம்ப்பிலும் இதையே செய்தேன். அரை நாள் போயிற்று. பிறகு கையெழுத்துப் போட்டேன், கண்ணைத் திறந்துகொண்டு.

அன்று மாலையே மேட்ரன் அறைக்குப் போய்ப் பழைய கதையையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "பதினோரு வருஷமா சாப்பாடு இறங்கிச்சா உனக்கு?" என்றார். "பாதிதான் இறங்கிச்சு" என்றேன். பழைய பதிவை எடுத்துவரச் சொல்லி, அதன் கீழே குழாய் மடங்கியிருந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். மெமோ உண்டா என்று கேட்டேன். "உனக்கு மெமோ குடுத்தா இனிமே எவ வந்து சொல்லுவா?" என்றார். மறு வாரத்திலிருந்து எங்கள் தவறுப் பதிவேட்டில் "பாதிப்பு இல்லை" என்பதற்குப் பக்கத்தில், "எதனால் இல்லை?" என்று புதிதாக ஒரு கட்டம் வந்துவிட்டது. எல்லோரும் முணுமுணுக்கிறார்கள்.

அத்தானிடமும் சொன்னேன். ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்
அக்கா


ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். இதை உடனே உனக்கு எழுத வேண்டும், அதனால் மற்ற விசாரிப்புகளைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

இன்று காலை வார்டில் இரண்டு பேர் லீவு. பதினேழு குழந்தைகள். ஏழாம் படுக்கையில் ஐந்தரைக் கிலோ பெண் குழந்தை. எடையைத் தட்டினேன். அடுத்து மருந்தின் அளவு. புள்ளி நான்கு போட வேண்டும். அதற்குள் பின்னால் யாரோ கூப்பிட, திரும்பி "வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே தட்டினேன். தொடங்கு என்ற பட்டனையும் அழுத்திவிட்டேன்.

பம்ப் கத்தியது. எனக்குக் கோபம்தான் வந்தது, இதற்கென்ன இப்போது என்று. திரும்பிப் பார்த்தேன். "இந்த எடைக்கு அளவு அதிகம்." அளவு இருந்த இடத்தில் 4 என்று மொட்டையாக நின்றது.

நானேதான், தம்பி. இத்தனை கேட்ட நான், பன்னிரண்டு பம்ப்பையும் வாளி வைத்துச் சோதித்த நான். விரல் இவ்வளவுதான்.

குழாயைத் தொட்டுப் பார்த்தேன். நேராக இருந்தது. எங்கேயும் மடங்கவில்லை, நசுங்கவில்லை. கட்டில் கம்பிக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. பம்ப் மட்டும் ஏப்ரலில் வந்திருந்தால் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

சரியான அளவைப் போட்டேன். ஏற்றியது. குழந்தையின் அம்மா, "என்ன சிஸ்டர் சத்தம்?" என்றாள். "நான் அளவைத் தப்பாப் போட்டுட்டேன்மா. மெஷின் நிறுத்திடுச்சு. இப்ப சரி பண்ணிட்டேன்" என்றேன். அவள் முகம் மாறியது. என்னையும் பம்ப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். கையைப் பிடித்து நன்றி எல்லாம் சொல்லவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்தாள். அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்கு எழுதிப் புரியவைக்க முடியாது.

பதிவேட்டை எடுத்து என் பெயரை முதலில் எழுதினேன். அளவில் தவறு. பாதிப்பு இல்லை. எதனால் இல்லை என்ற கட்டத்தில், "அளவு அதிகம் என்று பம்ப் மறுத்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, தட்டில் போட்டது முழுவதையும் சாப்பிட்டேன். அம்மா இன்னொரு கரண்டி வைத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்புடன்
அக்கா